மாப்பிள்ளைக்கு எட்டு முழ வேட்டி

தருமபுரியில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற கடை ஒன்றில், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தவர் எங்கள் வீட்டு விவரமெல்லாம் அடித்து முடித்துவிட்டு, "மாப்பிள்ளை பேரு, படிப்பு சொல்லுங்க" என்று விரலைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தார். அம்மாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மாப்பிள்ளை சாமிதான் என்றாள் அம்மா. அவர் 'சாமி' என்று அடித்துவிட்டு, இனிஷியல் என்ன என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

நான்தான் விளக்கினேன். என் தங்கை கன்னியாஸ்திரி. நர்சிங் படித்துவிட்டு ஒன்பது வருடத்துக்கு முன்னால் மடத்தில் சேர்ந்தவள். துறவற உறுதிமொழியான முதல் வார்த்தைப்பாடு கொடுத்து, வருடா வருடம் அதைப் புதுப்பித்து, இப்போது சாகும்வரைக்குமான நித்திய வார்த்தைப்பாடு கொடுக்கப்போகிறாள். எங்கள் கிறிஸ்தவ வீடுகளில் இதைக் கல்யாணம் என்றே சொல்லுவோம். மோதிரம் உண்டு, மாலை உண்டு, பூமுடி உண்டு, பிரியாணியும் உண்டு. மாப்பிள்ளை மட்டும் கண்ணுக்குத் தெரியமாட்டார். கடைக்காரர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, மேலே இருந்த பிள்ளையார் படத்தை எடுத்துவிட்டுச் சிலுவை வைத்தார். அப்படியானால் படிப்பும் வேண்டாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அதோடு முடிந்திருந்தால் இதை எழுத எனக்கு என்ன தலையெழுத்து? பத்திரிகையின் அடியில் இன்னொரு வரி போடச் சொன்னாள் அம்மா. 'தாய்மாமன்' என்று போட்டு, அதற்குக் கீழே தன் அண்ணன் பேர்.

எனக்கு உச்சந்தலை வரைக்கும் சூடு ஏறிவிட்டது. அந்தக் கடையிலேயே கத்தினேன். ஒரு தடவை பட்டது போதாதா என்றேன். அம்மா காதில் வாங்கவே இல்லை. எழுத்துப்பிழை இருக்கிறதா என்று கண்ணைச் சுருக்கிக்கொண்டு அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மா காரிமங்கலம் பக்கத்துக்காரி. காடு தோட்டம் உள்ள குடும்பம், முருகனையும் மாரியம்மனையும் கும்பிடுகிறவர்கள். பாலக்கோட்டுக்குத் தையல் கற்றுக்கொள்ள பஸ்ஸில் வந்து போனாள். அந்த பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவர் என் அப்பா, பாலக்கோட்டு மாதா கோயில் தெருக் கிறிஸ்தவர். சில்லறை பாக்கியில் ஆரம்பித்தது என்று அப்பா சொல்லுவார். அம்மா அதைக் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். எப்படியோ ஆரம்பித்து, கல்யாணத்தில் முடிந்தது. அன்றைக்கு அம்மாவின் ஒரே அண்ணன், ஊர் நடுவில் நின்று ஒரு வார்த்தை சொன்னாராம்: "உன் வூட்டுல இனி நான் கை நனைக்க மாட்டேன்."

கை நனைப்பது என்றால் சாப்பிடுவது. எங்கள் பக்கம் உறவு என்பதே அதுதான். பேசலாம், சிரிக்கலாம், பக்கத்தில் உட்காரலாம். இலையில் கை வைத்தால்தான் சொந்தம். பெண் கொடுப்பதற்கு முன்னால் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போவார்கள் பாருங்கள், அங்கேயும் இதே கணக்குத்தான். வீடு பிடித்திருந்தால் கை நனைப்பார்கள். பிடிக்காவிட்டால் தண்ணீர் கூடக் குடிக்காமல் எழுந்து வந்துவிடுவார்கள். வாயைத் திறந்து சம்மதம் என்று சொல்லத் தேவையே இல்லை.

முப்பத்தைந்து வருடம் அவர் கை நனைக்கவில்லை. என் கல்யாணத்துக்கும் அம்மா இதே மாதிரி அவர் பேரைப் போட்டாள். எங்கள் பக்கம் கல்யாணப் பெண்ணின் நெற்றியில் தாய்மாமன்தான் பட்டம் கட்டவேண்டும். மெல்லிய பொன்தகடு, இரண்டு பக்கமும் நூல். அதைக் கட்டி, கையைப் பிடித்து மணமேடைக்கு அழைத்துவர வேண்டும். நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு நெற்றியைக் காட்டியபடி அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஆள் வரவில்லை. கடைசியில் அப்பாவோடு வேலை பார்த்த டிரைவர் ஒருவர் கட்டிவிட்டார். கல்யாணத்துக்கு வந்த கூட்டம் முழுக்கப் பத்திரிகையைப் பார்ப்பதும் என் நெற்றியைப் பார்ப்பதுமாக இருந்தது. அன்றிலிருந்து மாமா என்ற சொல் என் வாயில் வந்ததே இல்லை. வீட்டில் பேச்சு வந்தால் 'அம்மாவோட அண்ணன்' என்பேன், கோபம் அதிகமானால் 'அந்த மனுசன்' என்பேன்.

இத்தனைக்கும் எனக்குத் தொழிலே கல்யாணப் பெண்களை அலங்கரிப்பதுதான். பாலக்கோடு கடைவீதியில் சின்னக் கடை வைத்திருக்கிறேன். முகூர்த்த நாளில் விடியும் முன்னமே பெட்டியைத் தூக்கிக்கொண்டு மண்டபம் மண்டபமாக ஓடுவேன். பட்டம் என் கடையிலேயே டஜன் கணக்கில் இருக்கும். எந்தப் பெண்ணின் நெற்றிக்கு அதை எடுத்துக் கொடுத்தாலும் ஒரு நொடி வயிறு எரியும். அதை நான் மறைக்கவில்லை.

தங்கை மடத்துக்குப் போனபோதும் இதே தொழில் புத்தியில்தான் கொதித்தேன். ஊரான் வீட்டுப் பெண்களுக்கெல்லாம் பூ வைக்கிறேன், கூடப் பிறந்தவளுக்கு வைக்க முடியாதா என்று ஒரு வருடம் அவளோடு பேசவில்லை. அப்புறம் பேச ஆரம்பித்ததும் முதலில் கேட்டதே வம்புதான். புருஷன் புருஷன் என்கிறாயே, சண்டை வந்தால் யாரோடு போடுவாய் என்றேன். தினமும் போடுகிறேன், அவர்தான் பதிலே பேசுவதில்லை, உன் வீட்டுக்காரர் மாதிரியேதான் என்றாள். அப்பா அவளை 'சிஸ்டர், சாப்டீங்களா' என்று மரியாதையாகக் கூப்பிடப் பழகிவிட்டார். நான் இன்றைக்கும் 'ஏய்'தான்.

பத்திரிகை கைக்கு வந்ததும் அம்மா தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், பூ எல்லாம் எடுத்து வைத்தாள். கூட வருகிறாயா, தனியாகப் போகட்டுமா என்றாள். தனியாக விட எனக்கு மனசு வரவில்லை. வண்டியில் உட்கார வைத்து ஓட்டிக்கொண்டு போனேன். வழியெல்லாம் திட்டிக்கொண்டே போனேன், அவள் வழியெல்லாம் தாம்பாளத்துப் பூ பறக்காமல் முந்தானையால் மூடிக்கொண்டே வந்தாள்.

அம்மாவின் அண்ணன் வாசலில் தக்காளியைத் தரம் பிரித்துக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தார். நெற்றி நிறையத் திருநீறு. எங்களைப் பார்த்ததும் எழுந்தார். வா என்று சொல்லவில்லை, ஆனால் துண்டால் கட்டிலைத் தட்டிவிட்டார். சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். பத்திரிகையைக் கண்ணுக்கு எட்டப் பிடித்து, மேலிருந்து கீழ் வரை ஒரு வரி விடாமல் படித்தார். தன் பேர் வந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் மறுபடி மேலே போனார்.

"மாப்ள யாரு?" என்றார்.

"ஏசு சாமிங்கண்ணா" என்றாள் அம்மா.

அவர் முகம் கறுத்துவிட்டது. "பொட்டுக் கட்டி வுடறீங்களா?"

சாமிக்கென்று பெண்ணைக் கட்டிவைத்து, அப்புறம் அவள் வாழ்க்கையை ஊரார் சீரழித்த காலம் ஒன்று இருந்தது. அந்தப் பேச்சு அவர் வாயில் வந்ததும் எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. அம்மா பதறிப்போய், யாரும் அவளைத் தள்ளிவிடவில்லை, அவளாக விரும்பித்தான் போனாள், நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிறாள் என்று என்னென்னவோ சொன்னாள். அவர் கேட்டதெல்லாம் ஒன்றே ஒன்றுதான். பெண்ணைச் சம்மதமா என்று யார் கேட்டது? நாங்கள்தான் கேட்டோம் என்றாள் அம்மா.

"பெத்தவங்க கேட்டா, பெத்தவங்களுக்குப் புடிச்ச பதிலைத்தான் புள்ளைங்க சொல்லும். மாமன் கேட்டானா?"

வந்தால்தானே கேட்பதற்கு என்று நான் பட்டென்று சொல்லிவிட்டேன். அம்மா என் தொடையில் கிள்ளினாள். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பத்திரிகையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மறுபடி தக்காளிக்கு முன்னால் உட்கார்ந்தார். வருகிறேன் என்றும் இல்லை, வரமாட்டேன் என்றும் இல்லை.

திரும்பும்போது நான் திட்டவில்லை. அம்மாதான் பேசினாள். அண்ணன் தண்ணீர் கொடுத்தார் பார்த்தாயா, பத்திரிகையைப் பைக்குள் வைத்தார் பார்த்தாயா என்று பாலக்கோடு வரைக்கும் அதையே சொல்லிக்கொண்டு வந்தாள். அவள் சந்தோஷத்தைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பயம் அதிகமாயிற்று. மூத்தவள் கல்யாணத்தில் மானம் போயிற்று. இளையவள் கல்யாணத்திலும் போனால் அம்மா தாங்கமாட்டாள்.

விழா அன்றைக்குக் காலையில் மாதா கோயிலுக்குப் பக்கத்து அறையில் தங்கைக்குத் தலை வாரினேன். அவர்கள் சபையில் சந்தன நிறப் புடவைதான். பூ வைப்பதில்லை, பொட்டு வைப்பதில்லை. இந்த ஒரு நாள் மட்டும் பூவுக்கு அனுமதி என்று சபையின் பெரிய மதர் சொல்லியிருந்தார்கள். நான் பெட்டியைத் திறந்து கிரீமைக் கையில் எடுத்தேன். மூஞ்சியை மட்டும் விட்டுவிடு என்று கும்பிட்டாள். சரி போ என்று மல்லிகையைக் கொண்டையைச் சுற்றி வைத்தேன். எத்தனையோ பெண்களுக்குப் பூ வைத்திருக்கிறேன். பாதிப் பேருக்குக் கை சில்லென்று இருக்கும், கழுத்தில் வேர்வை ஓடும், கண் வாசலையே பார்க்கும். இவள் கையைத் தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுவென்று இருந்தது. காலையில் இரண்டு இட்லி கூடச் சாப்பிட்டிருக்கிறாள், திருடி.

பத்து மணிக்குப் பவனி. மகளை நடுவில் நிறுத்தி, ஒரு பக்கம் அம்மா, ஒரு பக்கம் அப்பா, ஆளுக்கொரு மெழுகுவர்த்தி. கோயிலுக்குள் பாடகர் குழு தொண்டையைச் சரிசெய்துகொண்டிருந்தது. அம்மா தன் மெழுகுவர்த்தியை ஏற்றவில்லை. சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பூசை வைக்க வந்த சாமியார் கடிகாரத்தைப் பார்த்தார். உறவுக்காரப் பெண் ஒருத்தி, தாய்மாமன் எங்கே, பத்திரிகையில் போட்டிருந்ததே என்று பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டாள், எனக்குக் கேட்கவேண்டும் என்றே. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? பெரிய மதர் வந்து, அம்மாவின் தோளைத் தொட்டு, ஆரம்பிக்கலாமா என்று மெதுவாகக் கேட்டார்கள். அம்மா தலையை ஆட்டினாள். தீக்குச்சியை உரசினாள், அது பற்றவில்லை. இன்னொன்று உரசினாள்.

அப்போதுதான் மேளச் சத்தம் கேட்டது.

தக்காளி ஏற்றுகிற மினி லாரி ஒன்று தெருமுனையில் திரும்பியது. முன்னால் மேளக்காரர்கள் நான்கு பேர். லாரியின் இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டியிருந்தது. பின்னால் காரிமங்கலத்துச் சொந்தக்காரப் பெண்கள், ஆளுக்கொரு சீர்வரிசைத் தட்டோடு. அம்மா கையிலிருந்த தீக்குச்சி விரலைச் சுட்ட பிறகுதான் கீழே போட்டாள். அம்மாவின் அண்ணன் வெள்ளை வேட்டி சட்டையில், நெற்றியில் திருநீறும் குங்குமமுமாக இறங்கினார். நேராக வந்து பவனிக்குக் குறுக்கே நின்றார். மேளத்தை நிறுத்தச் சொன்னார். பாடகர் குழுவும் தொண்டையைச் சரிசெய்வதை நிறுத்திவிட்டது.

"கண்ணு" என்றார் என் தங்கையைப் பார்த்து. வாழ்க்கையில் முதல் தடவையாக அவளைப் பார்க்கிறார். "நான் உன் தாய்மாமன். யாருக்கும் பயப்படாத. உனக்கு இது சம்மதமா? சம்மதம் இல்லன்னா ஒரு வார்த்தை சொல்லு, இப்பவே வண்டியில ஏத்திக் கூட்டிட்டுப் போயிருவேன். வூடு இருக்குது, காடு இருக்குது, உன்னை நான் பார்த்துக்கறேன்."

சாமியாருக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. பெரிய மதர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு, அவள் சொல்லட்டும் என்பதுபோல நின்றார்கள்.

என் தங்கை அவரை நிமிர்ந்து பார்த்தாள். "ஒம்போது வருசமா வருசா வருசம் கேட்டுட்டுத்தான் இருக்காங்க மாமா. நீங்க ஒருத்தர்தான் பாக்கி. எனக்குச் சம்மதம். யாரும் தள்ளி வுடல, நானா வந்தேன். பட்டம் கொண்டாந்தீங்களா?"

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சட்டைப் பையில் கையை விட்டார். அதே பை. பத்திரிகையும் அங்கேயே இருந்தது, பட்டமும் இருந்தது. நெற்றியைக் காட்டி நின்றவளுக்குக் கட்டினார். நூல் விரலுக்கு அடங்காமல் நழுவியது. எனக்கு இது தொழில், சும்மா நிற்க முடியுமா? பின்னால் போய் நானே முடிச்சுப் போட்டேன். அதைப் போடும்போது என் வயிறு எரியவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அப்படி ஒரு முகத்தை நான் அம்மாவிடம் பார்த்ததே இல்லை. எரிச்சல் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

அப்பா சத்தமில்லாமல் ஓர் அடி ஒதுங்கி, மகளின் வலது கையை அவருக்குக் கொடுத்தார். முப்பத்தைந்து வருடத்தில் அவர்கள் இரண்டு பேரும் அத்தனை பக்கத்தில் நின்றதே அதுதான் முதல் தடவை. மேளமும் பாட்டும் ஒன்றாக ஆரம்பித்தன. ஒன்றுக்கொன்று பொருந்தவே இல்லை, யாரும் அதைப் பொருட்படுத்தவும் இல்லை. திருநீறு பூசியவர் கையைப் பிடித்து அழைத்துவர, கோயிலின் நடுவில் என் தங்கை நடந்து போனாள். அன்றைக்கு எங்கள் அம்மா நடந்த நடையை எந்த மகாராணியும் நடந்திருக்கமாட்டாள்.

பலிபீடத்துக்கு முன்னால் சாமியார் எழுந்து, முழுமனதோடுதான் வந்தாயா என்று முறைப்படி கேட்டார். அம்மாவின் அண்ணன் என் பக்கம் குனிந்து, நான் கேட்டதையேதான் அவரும் கேட்கிறார் என்று பெருமையாகச் சொன்னார். சடங்குப்படி தங்கை தரையில் குப்புற விழுந்து கிடந்தாள். புனிதர்களின் பேரைச் சொல்லிச் சொல்லி மன்றாடினார்கள். அப்போது அம்மா அழுதாள், நானும் அழுதேன். எழுந்து வந்து, சாகும்வரைக்கும் என்று அவள் சொன்ன குரலில் ஒரு நடுக்கம் இல்லை. பெரிய மதர் மோதிரம் போட்டார்கள், மாலை போட்டார்கள், பட்டத்துக்கு மேல் பூமுடியும் வைத்தார்கள். நான் அலங்கரித்த பெண்களிலேயே அழகி அவள்தான், ஒரு பொட்டுக் கிரீம் இல்லாமல்.

காணிக்கைப் பவனியில் சீர்வரிசைத் தட்டுகளும் போகட்டும் என்று பெரிய மதர் சொல்லிவிட்டார்கள். தட்டுகளை வரிசையாக நிறுத்தும்போதுதான் பார்த்தேன். தேங்காய், வாழைப்பழம், தக்காளி, பெண்ணுக்குப் புடவை, அதற்கு அடுத்த தட்டில் அரக்குக் கரை போட்ட பட்டு வேட்டியும் துண்டும். இது யாருக்கு என்று கேட்டேன்.

"மாப்ளைக்கு" என்றார், இது கூடத் தெரியாதா என்பதுபோல.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாமன் சீரில் மாப்பிள்ளைக்கு வேட்டி வைப்பது முறைதான், யார் இல்லையென்றது? ஆனால் மாப்பிள்ளை யார் என்று தெரிந்தபிறகும் கடைக்குப் போய் எடுத்துவருவதற்கு இந்த மனுசனால்தான் முடியும். ஜவுளிக் கடைக்காரர், மாப்பிள்ளை எவ்வளவு உயரம் என்று கேட்டாராம். இவர் தெரியவில்லை என்றாராம். அதனால்தான் சட்டை எடுக்கவில்லை, எட்டு முழ வேட்டி என்றால் யாருக்கும் ஆகும் என்றார். நான் சிரிப்பதா அழுவதா என்று நின்றேன். தட்டு சாமியார் கைக்குப் போனது. அவர் ஒரு நொடி பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் வாங்கி, பலிபீடத்தின் படியில் வைத்தார்.

கோயில் மண்டபத்தில் பந்தி. அம்மா தானே இலை போட்டு, தண்ணீர் தெளித்து, அண்ணனை உட்காரச் சொன்னாள். அவர் நின்றுகொண்டே இருந்தார். பெண்ணைக் கொடுத்தாயிற்று, மாப்பிள்ளை வீட்டை இன்னும் பார்க்கவில்லை, பார்க்காமல் எப்படிக் கை நனைப்பது என்றார்.

எனக்கு வந்ததே ஆத்திரம். அத்தனை பேர் முன்னாலும் சத்தம் போட்டேன். "முப்பத்தஞ்சு வருசமா இந்தப் பொம்பள இலையைப் போட்டுட்டு நிக்குது. இன்னும் என்ன சாக்கு வேணும் உங்களுக்கு?"

அவர் தலையைக் குனிந்துகொண்டு, சாக்கு இல்லை, முறை என்றார். தங்கைதான் வந்து என் கையைப் பிடித்தாள். முறை என்றால் முறைதான் என்றாள். வருகிற புதன்கிழமை எங்கள் வீட்டுக்கு வாருங்கள் மாமா, பிடித்திருந்தால் சாப்பிடுங்கள், பிடிக்காவிட்டால் எழுந்து போய்விடுங்கள் என்று அவரிடம் சொன்னாள். அவர் சரி என்றார். மாப்பிள்ளைக்கு வேட்டி போய்ச் சேர்ந்ததும் தகவல் சொல் என்றும் சொன்னார். சேரும், சேரும் என்று அவள் சிரித்தாள். போட்ட இலையை அம்மா மடித்து எடுத்தாள்.

புதன்கிழமை அவருடைய மினி லாரியிலேயே போனோம். முன்னால் அவரும் அம்மாவும் நானும், பின்னால் மடத்துக்குக் கொடுக்க நான்கு கூடை தக்காளி. அரூர் தாண்டி மலை அடிவாரத்தில் இருக்கிறது தங்கையின் மடம் நடத்துகிற இல்லம். பஸ் ஸ்டாண்டிலும் ரோட்டோரத்திலும் கிடந்தவர்களை எடுத்துவந்து வைத்திருக்கிறார்கள். எல்லாரும் வயதானவர்கள், பாதிப் பேருக்கு ஊர் பேர் எதுவும் ஞாபகம் இல்லை. ஓடு போட்ட நீளக் கட்டடம், டெட்டால் வாசனை, கொடியில் வரிசையாகக் கைலிகள். என் தங்கை கையுறையோடு வந்தாள். யாருக்கோ புண் கட்டிக்கொண்டிருந்தவள் பாதியில் எழுந்து வந்திருக்கிறாள். அந்த மோதிரத்தைக் கழற்றிக் கழுத்துச் சங்கிலியில் கோத்துப் போட்டிருந்தாள்.

அம்மாவின் அண்ணன் மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தவர் மாதிரியேதான் பார்த்தார். கிணறு எங்கே, கூரை ஒழுகுமா, அடுப்பு எப்படி என்றெல்லாம் கேட்டார். தண்ணீர் கொடுத்தார்கள், வாங்கி வைத்துக்கொண்டார், குடிக்கவில்லை. அம்மா அந்த டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நடந்துகொண்டே வந்தவர் சட்டென்று நின்றார். வேப்பமரத்துக்கு அடியில் வெயில் பட ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார். ஒட்டிய வயிறு, பல் இல்லாத வாய். இடுப்பில் அரக்குக் கரை போட்ட பட்டு வேட்டி. அதில் ஓர் ஓரத்தில் கஞ்சி சிந்திக் காய்ந்திருந்தது. பார்த்துப் பார்த்து எடுத்த வேட்டி, பலிபீடத்துப் படியில் வைத்த வேட்டி. இந்த மனுசன் இப்போது திரும்பி லாரியில் ஏறிவிடுவார் என்றே நினைத்தேன்.

மாப்பிள்ளை எங்கே என்று அவர் என் தங்கையைக் கேட்டார். அவள் கிழவரைக் கை காட்டினாள். "ஆஸ்பத்திரி வாசல்ல படுத்துக் கெடந்தாருங்க மாமா. துணியில்லாம" என்றாள். அவ்வளவுதான்.

அவர் செருப்பைக் கழற்றினார். கிழவரிடம் போய்க் குனிந்தார். வேட்டி அவிழ்ந்துவிடுகிற மாதிரி இருந்தது. அதைச் சரியாக இழுத்துக் கொசுவி, இடுப்பில் இறுக்கிச் செருகினார். தோளில் துண்டைப் போட்டுவிட்டார். எல்லாம் முடிந்ததும் இரண்டு கையையும் கூப்பினார்.

"மாப்ளே, சாப்டாச்சுங்களா?"

கிழவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நீ சாப்டியா?" என்றார்.

என் தங்கை வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் அங்கேயே மண்ணில், கிழவருக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"இன்னும் இல்லீங்க மாப்ளே" என்றார். அப்புறம் திரும்பி, "ஏ புள்ள, எனக்கும் ஒரு தட்டு வையி" என்றார் அம்மாவிடம்.

அம்மா ஓடினாள். முட்டிவலிக்காரி, அப்படி ஓடி நான் பார்த்ததே இல்லை. சமையலறையில் இருந்த சிஸ்டரிடமிருந்து கரண்டியைப் பிடுங்காத குறை. சோறு போட்டு ரசம் ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே இருந்தாள், தட்டு நிறைந்து வழிகிற வரைக்கும். அண்ணன் பிசைந்து சாப்பிட்டார். மறுசோறும் கேட்டார். நாங்களும் அதே மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். கிழவர் எல்லார் தட்டையும் பார்த்து, போடு போடு என்று சொல்லிக்கொண்டிருந்தார், தன் வீட்டுக் கல்யாணம் மாதிரி.

கிளம்பும்போது அம்மாவின் அண்ணன் தங்கையின் தலையில் கையை வைத்தார். நல்ல எடம் என்று மட்டும் சொன்னார். பெண் வீட்டுக்காரர் சொல்கிற வார்த்தைதான்.

தருமபுரி வந்தது. அங்கே எங்களை பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டு அவர் காரிமங்கலம் ரோட்டில் போகவேண்டும், நாங்கள் பாலக்கோட்டுக்கு பஸ் ஏறவேண்டும். அப்படித்தான் பேச்சு. லாரி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் திரும்பவில்லை. பாலக்கோட்டு ரோட்டில் நேராகப் போயிற்று. அண்ணா, பஸ் ஸ்டாண்டு அந்தப் பக்கம் என்றாள் அம்மா.

"தெரியும்" என்றார். ரோட்டைப் பார்த்தபடியே, "உன் வூட்டுல என்ன கொழம்பு?" என்று கேட்டார்.

அம்மா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பக்கத்தில் நான் இருந்தேன், நான்தான் பதில் சொல்லவேண்டியதாயிற்று.

"போய்த்தான் வெக்கணும். உங்களுக்கு என்ன புடிக்கும், மாமா?"